கஞ்சாப் பூவின் முதிர்வும் அறுவடைப் பருவமும்: புற அடையாளங்களின் நம்பகத்தன்மை குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

வீட்டளவில் கஞ்சாச் செடி வளர்ப்பதைச் சட்டம் அனுமதித்துள்ள நாடுகளில், செடியை எந்த நாளில் அறுப்பது என்னும் வினா வளர்ப்போர் அனைவரையும் எதிர்கொள்கிறது. சூலகமுடியின் நிறம், சுரப்பித் தூவிகளின் நிறம், இலைப்பழுப்பு, நாள்கணக்கு ஆகியவை முதிர்வின் அடையாளங்களாகக் கொள்ளப்படுகின்றன. இவ்வடையாளங்களுக்குப் பின்னுள்ள தாவர உடலியல் யாது, அவற்றுள் எவை நம்பத்தக்கவை, எவை வழக்கத்தால் மட்டுமே நிலைபெற்றவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. வங்காளத்தின் நௌகாவ் வட்டாரத்தில் 19ஆம் நூற்றாண்டில் நிலவிய நடைமுறையும், அமெரிக்கச் சணல்கஞ்சா உழவர்கள் இன்று எதிர்கொள்ளும் சட்ட வரம்பும் ஒப்புநோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கஞ்சா, சுரப்பித் தூவி, சூலகமுடி, முதிர்வு, குறும்பகல் தாவரம், டி.எச்.சி., நௌகாவ்.

முன்னுரை

நெல்லின் முதிர்வைக் கதிரின் நிறமும் மணியின் கடினமும் காட்டிவிடுகின்றன. கரும்புக்குச் சாற்றின் இனிப்பை அளக்கும் கருவி உண்டு. கஞ்சாவைப் பொறுத்தவரை இத்தகைய எளிய வழி இல்லை. ஏனெனில் அச்செடியில் வேண்டப்படுவது கனியோ விதையோ அன்று, கருவுறாத பெண்பூவின் மீது சுரக்கும் பிசினே ஆகும். பயிர்த்தொழிலின் வழக்கமான பொருளில் அப்பூ முதிர்வதே இல்லை. கருவுறுதலுக்குக் காத்திருந்து, அது நிகழாமலே மூப்படையும் ஓர் உறுப்பின் எந்தக் கட்டத்தை முதிர்வு என்று அழைப்பது என்பதே இங்குச் சிக்கல்.

உருகுவே 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி ஒரு வீட்டுக்கு ஆறு செடிகளை அனுமதித்தது. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் ஒரு வீட்டுக்கு நான்கு செடிகள் வளர்க்கலாம் எனினும், கியூபெக் மாகாணம் அதனைத் தடைசெய்தது. அத்தடை செல்லும் என்று கனடா உச்சநீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயதுவந்தோர் ஒருவர் மூன்று செடிகள் வரை வைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் நிலைமை முற்றிலும் வேறு. 1985ஆம் ஆண்டுப் போதைமருந்துகள் மற்றும் உளவெறிப் பொருள்கள் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி உரிமமின்றிக் கஞ்சாச் செடி வளர்ப்பது பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கத்தக்க குற்றமாகும். ஆகவே இக்கட்டுரையில் கூறப்படும் வீட்டு வளர்ப்பு, அது சட்டப்படி நிகழும் நாடுகளுக்கே உரியது.

மூன்று அல்லது நான்கு செடிகளே உள்ளவருக்கு அறுவடை நாள் அற்பமான செய்தியன்று. நோய்த்துயர் தணிக்க மருத்துவர் இசைவுடன் வளர்ப்பவர் பத்து நாள் முந்தினால் மருந்தின் வலிமை குறைகிறது. பத்து நாள் பிந்தினால் பூவின் உள்ளே பூஞ்சை பிடிக்கிறது. நான்கு மாத உழைப்பு அந்த இடைவெளியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

பெண்பூவின் அமைப்பு

கஞ்சா ஓர் ஈரில்லச் செடி. ஆண்பூவும் பெண்பூவும் பெரும்பாலும் தனித்தனிச் செடிகளில் தோன்றுகின்றன. பெண்பூவுக்குக் கண்ணைக் கவரும் இதழ்கள் இல்லை. ஒற்றைச் சூலை மூடிய சூற்பை, அதிலிருந்து வெளியே நீளும் இரு சூலகமுடிகள், இவற்றைப் போர்த்தி நிற்கும் ஒரு பூவடிச்செதில் ஆகியவையே அதன் உறுப்புகள். வளர்ப்போர் பேச்சில் இச்செதில் புல்லிவட்டம் என்று தவறாகச் சுட்டப்படுவதுண்டு. இத்தகைய நூற்றுக்கணக்கான பூக்கள் நெருங்கித் திரண்ட கொத்தே அறுக்கப்படும் பொருளாகும். பிசினின் பெரும்பகுதி பூவடிச்செதிலின் புறத்தோலில் சுரக்கிறது. எனவே முதிர்வைக் காண வேண்டிய இடமும் அதுவே.

சூலகமுடி காட்டும் குறி

இளம்பூவில் சூலகமுடிகள் வெண்மையாக நிமிர்ந்து நிற்கும். நாள் செல்லச் செல்ல அவை செம்மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாறிச் சுருண்டு உள்ளடங்கும். அதே வேளையில் செதில்கள் உப்பிப் பருக்கும். வெறுங்கண்ணால் காணக்கூடிய அடையாளம் என்பதால் இதுவே பரவலாகப் பின்பற்றப்படுகிறது.

ஆயினும் இதனை முதற்குறியாக மட்டுமே கொள்ளல் தகும். சூலகமுடியின் பணி மகரந்தத்தை ஏற்பது. பணி முடிந்தாலோ காலம் கடந்தாலோ அது வாடும். அருகில் எங்கோ நின்ற ஓர் ஆண்செடியின் மகரந்தம் காற்றில் வந்து படிந்துவிட்டால் சில நாள்களிலேயே சூலகமுடிகள் பழுத்துவிடும். பிசின் அப்போது பாதிகூடச் சுரந்திராது. கை உராய்வு, கடுங்காற்று, மிகுவெப்பம் ஆகியவையும் அதே மாற்றத்தை உண்டாக்குகின்றன. மறுபுறம், வெப்ப அழுத்தத்துக்கு உள்ளான செடி முதிர்ந்த கொத்தின் மேலேயே புதிய வெண்முடிகளைத் தள்ளுவதுண்டு. அதனைக் கண்டு இன்னும் காலம் இருக்கிறது என்று எண்ணிக் காத்திருப்பவர் ஏமாறுவர். இலைப்பழுப்பும் இத்தகையதே. மூப்படையும் செடி இலையிலுள்ள நைட்ரசனைப் பூவுக்கு மாற்றுவதால் இலை மஞ்சளாவது இயல்பு. உரக்குறைவாலும் வேரழுகலாலும் இலை அதேபோல் மஞ்சளாகிறது.

சுரப்பித் தூவிகள்

முதிர்வை நேரடியாகக் காட்டும் உறுப்பு சுரப்பித் தூவியாகும். கஞ்சாவில் இவை மூவகைப்படும்: மிகச்சிறிய குமிழ்த்தூவி, காம்பற்ற தலைத்தூவி, காம்புடைய தலைத்தூவி. பொருட்படுத்த வேண்டியது மூன்றாவது வகை. ஒரு குட்டைக் காம்பின் மேல் உருண்டைத் தலையாக நிற்கும் அது, முப்பது முதல் அறுபது மடங்கு பெருக்கும் கைலென்சில் தெளிவாகத் தெரியும். தலையின் அடியில் தட்டுப்போல் அடுக்கப்பட்ட சுரப்புச் செல்களும், அவற்றுக்கும் மேலுறையான கியூட்டிகிளுக்கும் இடையே பிசின் தேங்கும் குழியும் உள்ளன.

இக்குழி வெறும் கொள்கலம் அன்று. டி.எச்.சி.யின் முன்வடிவமான டி.எச்.சி.ஏ. என்னும் அமிலத்தை ஆக்கும் நொதி, செல்லுக்கு வெளியே இக்குழிக்குள் சுரக்கப்பட்டு அங்கேயே செயல்படுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005இல் காட்டினர். அவ்வமிலம் செடியின் சொந்தச் செல்களுக்கே நஞ்சு. ஆதலால் அது செல்லுக்குப் புறத்தே ஆக்கப்பட்டு அடைத்துவைக்கப்படுகிறது. ஒலிவெட்டாலிக் அமிலமும் ஜெரானைல் டைபாஸ்பேட்டும் இணைந்து சி.பி.ஜி.ஏ. உருவாதலும், அதிலிருந்து டி.எச்.சி.ஏ., சி.பி.டி.ஏ. முதலியன பிரிதலும் இத்தூவியின் பணிகளே. பச்சைப்பூவில் இருப்பது பெரும்பாலும் அமில வடிவமே ஆகும். சூடேறும்போது கரியமிலவாயு நீங்கி அது டி.எச்.சி.யாகிறது.

பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு இங்கு முதன்மையானது. செதிலில் காணும் காம்புடைய தூவிகள் காம்பற்ற நிலையிலிருந்தே வளர்ந்தெழுகின்றன என்றும், காம்பற்ற தலையில் எட்டுச் சுரப்புச் செல்கள் இருக்க, முதிர்ந்த காம்புடைய தலையில் 12 முதல் 16 வரை உள்ளன என்றும் அவர்கள் நிறுவினர். புறஊதா ஒளியில் காம்பற்றவை சிவப்பாகவும் முதிர்ந்த காம்புடையவை நீலமாகவும் ஒளிர்ந்தன. மணப்பொருளும் வேறுபட்டது, காம்புடையவற்றில் எளிதில் ஆவியாகும் மோனோடெர்ப்பீன்கள் மிகுந்திருந்தன. பூ முதிரும்போது அதன் மணம் கூர்மையடைவதாகப் பட்டறிவால் சொல்லப்பட்டுவந்ததற்கு இது ஓர் உடலியல் விளக்கமாக அமைகிறது.

நிற மாற்றத்தை இப்பின்னணியில் வைத்துக் காணவேண்டும். இளந்தூவியின் தலை கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். குழியில் பிசின் நிறைய நிறைய ஒளி ஊடுருவுதல் குறைந்து தலை பால்நிறம் கொள்கிறது. அதன்பின் சில தலைகள் தேன்நிறமாகவும் பழுப்பாகவும் மாறிச் சுருங்குகின்றன. சில காம்பிலிருந்து உதிர்கின்றன. பெரும்பாலான தலைகள் பால்நிறமடைந்து, ஆங்காங்கே தேன்நிறம் தலைகாட்டும் கட்டமே அறுவடைக்கு உரியதென வளர்ப்போர் கொள்கின்றனர். டி.எச்.சி.ஏ. அளவு ஏறி ஒரு மட்டத்தில் நின்று பின்னர்ச் சரியும் போக்குடையதாதலின் இக்கொள்கை அடிப்படையில் சரியானதே. கண்ணை எங்கு வைப்பது என்பதில்தான் பலரும் பிழைபடுகின்றனர். பூக்கொத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சிற்றிலைகளின் தூவிகள் செதிலின் தூவிகளுக்கு முன்பே பழுத்துவிடுகின்றன. இலையைப் பார்த்து அறுப்பவர் ஒருவாரம் முந்திவிடுவார். மேற்கொத்தும் அடிக்கொத்தும் ஒருசேர முதிர்வதில்லை. ஒளி மிகுதியாகப் படும் மேற்கொத்து முந்தும். நான்கே செடி உள்ளவர் மேற்பகுதியை முதலில் கொய்து, எஞ்சியதைச் சில நாள் விட்டுவைத்தல் இயலும். பெருவயலில் இது இயலாது.

தேன்நிறமும் சி.பி.என். கருத்தும்

தேன்நிறத் தூவி மிகுந்தால் பூ உறக்கமூட்டும் தன்மை பெறும், ஏனெனில் டி.எச்.சி. சி.பி.என். ஆகச் சிதைந்துவிடுகிறது என்னும் கருத்து வளர்ப்போரிடையே ஏறத்தாழ விதியாகவே வழங்குகிறது. இவ்வாதத்தில் மூன்று கண்ணிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றே உறுதியானது.

டி.எச்.சி. ஆக்சிசனேற்றத்தால் சி.பி.என். ஆகிறது என்பது உண்மை. 1890களில் கேம்பிரிட்ஜில் உட், ஸ்பிவி, ஈஸ்டர்ஃபீல்ட் ஆகியோர் இந்தியச் சரசிலிருந்து முதலில் பிரித்தெடுத்தது டி.எச்.சி. அன்று, கன்னாபினாலே ஆகும்; நெடுநாள் கிடந்த சரக்கில் அது திரண்டிருந்தது வியப்பன்று. டி.எச்.சி.யின் அமைப்பை இஸ்ரேலில் கவோனியும் மெக்கூலமும் 1964இல்தான் வெளிப்படுத்தினர். ஆனால் இச்சிதைவு பெரிதும் உலர்ந்த சரக்கில், மாதக்கணக்கான சேமிப்பில், ஒளியாலும் காற்றாலும் நிகழ்வது. உயிருள்ள செடியில் நிற்கும் பூவில் சி.பி.என். மிக அற்பம். ஆகவே தேன்நிறத்தைச் சி.பி.என்.னின் அளவுகோலாகக் கொள்ளுதல் பொருந்தாது. அது தூவியின் மூப்பையும் சிதைவையும் காட்டும் நிறம் என்பதே தகும். சி.பி.என். உறக்கமூட்டும் என்பதற்கும் போதிய மருத்துவச் சான்று இல்லை. சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தினர் 2023இல் வெளியிட்ட ஆய்வு, தூவியின் வளர்ச்சியும் முதிர்வும் செடியின் அகவையோடு மரபுவகையையும் சார்ந்தவை என்று காட்டியது. எல்லா வகைக்கும் இத்தனை விழுக்காடு தேன்நிறம் என்று ஒரே எண்ணை விதிப்பது அக்காரணத்தாலும் ஏற்புடையதன்று.

நாள்கணக்கும் நிலநேர்க்கோடும்

விதை விற்போர் பூத்தபின் எட்டு முதல் பத்து வாரம் என்று ஒரு கணக்கை உறையில் அச்சிடுகின்றனர். கஞ்சா ஒரு குறும்பகல் தாவரம். இரவு நீண்டால் பூக்கும். அறைக்குள் விளக்கைப் பன்னிரண்டு மணி நேரமாகக் குறைத்த நாளைத் தொடக்கமாகக் கொண்டு எண்ணுவோருக்கு இக்கணக்கு ஓரளவு உதவும். வெளியில் வளர்ப்போருக்குத் தொடக்கநாளே தெளிவில்லை. பெர்லினில் ஆகஸ்டு இறுதியில் பகற்பொழுது 14 மணிக்கும் கீழே இறங்குகிறது. பூக்கத் தொடங்கும் செடி செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ முதிர்கிறது. அதுவே அங்கு மழையும் பனியும் தொடங்கும் காலம்.

வெப்பமண்டல வகைகளுக்கு அந்த உறைக்கணக்கு பொருந்துவதே இல்லை. 1893–94இல் பணியாற்றிய இந்தியச் சணல் போதைப்பொருள் ஆணையத்தின் அறிக்கையில் சென்னை மாகாணத்துக் கஞ்சா விளைநிலங்களுள் வடஆர்க்காட்டுச் சவ்வாது மலையும் இடம்பெறுகிறது. ஏறத்தாழ 12.5 பாகை வட அகலக்கோட்டில் ஆண்டின் மிக நீண்ட பகலே 12 மணி 50 நிமிடம் அளவுதான். ஐரோப்பியச் செடி இங்கு முளைத்தவுடனே பூக்கும் உந்துதல் பெற்றுக் குறுகிவிடும். இத்தகைய நிலத்தில் வழிவழியாக நின்ற வகைகள் மெல்லப் பூத்து, மெல்ல முதிரும் இயல்பு கொண்டவை. பன்னிரண்டு வாரத்துக்கு மேலும் நீள்வதுண்டு. இவற்றை எட்டாம் வாரத்தில் அறுத்தால் கிடைப்பது பச்சைத்தழையே.

நௌகாவ் பரக்தார்

லென்சும் வேதிப்பகுப்பும் இல்லாத காலத்தில் இத்தேர்ச்சி எவ்வாறு கைவரப்பெற்றது என்பதற்கு நௌகாவ் சான்றாகிறது. இன்றைய வங்காளதேசத்தில், அன்றைய ராஜசாகி வட்டாரத்தில், அரசின் ஆயத்தீர்வைக் கண்காணிப்பில் கஞ்சா பயிரான பகுதி அது. ஹேமச்சந்திர கேர் 1877இலும், கல்கத்தாத் தாவரவியலாளர் டேவிட் பிரெய்ன் 1893இலும் அதனை விரிவாக எழுதினர். பூக்கும் பருவம் தொடங்கியதும் உழவர் போத்தார் அல்லது பரக்தார் எனப்பட்ட தேர்ச்சியாளரை அமர்த்துவர். ஆங்கிலேய அலுவலர் அவரைக் கஞ்சா வைத்தியர் என்றனர். பரக் என்றால் தேர்ந்து மதிப்பிடல். அவர் வயலில் நடந்து, பூ விரியும் முன்பே ஆண்செடிகளை அடையாளம் கண்டு ஒடித்துச் செல்வார். தவறவிட்ட ஓர் ஆண்செடி பல வயல்களை விதைவிழச் செய்துவிடும் என்பதால் அவர் கண்ணை நம்பியே அவ்வாண்டு விளைச்சல் நின்றது.

இங்குக் கவனிக்கத்தக்கது, முதிர்வைக் காணும் வேலையின் பெரும்பகுதி அறுவடைக்கு வாரக்கணக்கில் முன்பே முடிந்துவிடுகிறது என்பதே. விதை விழாத செடியில்தான் சூலகமுடியின் பழுப்புக்கும் பிசினின் நிறைவுக்கும் தொடர்பு நிலைக்கிறது. இன்றைய கைந்நூல்கள் லென்சுக்குத் தரும் இடத்தில் பாதியையேனும் ஆண்செடி களைதலுக்குத் தந்திருக்கலாம்.

பூஞ்சையும் காத்திருத்தலும்

தூவியின் நிறம் காத்திரு என்று சொல்லும்போதும் அறுத்தாக வேண்டிய நிலை ஒன்றுண்டு. போட்ரைடிஸ் சினீரியா என்னும் சாம்பற்பூஞ்சை திராட்சைக் குலையைத் தாக்குவதைப் போலவே நெருங்கிய கஞ்சாக் கொத்தையும் தாக்குகிறது. கொத்து பருத்து முதிர முதிர உள்ளே காற்றோட்டம் குறைந்து ஈரம் தங்கும். நோய் உள்ளே தொடங்கி, வெளியே ஒற்றை இலை வாடிநிற்பதாக மட்டுமே முதலில் தெரியும். அவ்விலையை இழுத்தால் எதிர்ப்பின்றிக் கழன்றுவரும். அழுகிய கொத்தைச் சுற்றுப்பகுதியோடு அகற்றி எரித்துவிடுதலே வழி. வெட்டி நலமானதைப் பிரித்துப் பயன்படுத்துதல் நோயாளிகளைப் பொறுத்தவரை இடருடையது. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோருக்குப் பூவில் ஒட்டியுள்ள அஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சை வித்துகளைப் புகையோடு உள்ளிழுப்பது நுரையீரல் தொற்றுக்கு வழிவகுக்கும். ஐந்து நாள் மழை வருமென்றால், முழுமைக்கு ஒருவாரம் குறைந்த பூவை அறுப்பதே மேல் என்பது கட்டுரையாளரின் துணிபு. அறுத்தபின் பூ மாங்காயைப் போல் பழுப்பதில்லை என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். உலர்த்தல் மணத்தைப் பண்படுத்துமேயன்றிப் பிசினைக் கூட்டாது.

சட்ட வரம்பே அறுவடை நாளாதல்

நாருக்காக வளர்ப்போர் ஆண்செடி மகரந்தம் உதிர்க்கும் தொடக்கத்திலேயே அறுத்துவிடுவர். பிந்தினால் நார் முரடாகும். விதைக்காக வளர்ப்போர் ஏறத்தாழ எழுபது விழுக்காடு விதை பழுத்ததும் அறுப்பர்; முற்றும் காத்திருந்தால் விதை உதிரும், பறவைகளும் விடா. இவ்விரு கணக்கும் பயிரின் இயல்பிலிருந்து எழுந்தவை. சி.பி.டி.க்காக வளர்க்கும் அமெரிக்க உழவரின் கணக்கு அவ்வாறன்று.

1976இல் எர்னஸ்ட் ஸ்மால், ஆர்தர் குரோன்குவிஸ்ட் ஆகியோர் கஞ்சாவின் வகைப்பாட்டுக்காக 0.3 விழுக்காடு டி.எச்.சி. என்னும் கோட்டை வரைந்தனர். வகைப்பாட்டு வசதிக்காகக் கொண்ட அவ்வெண்ணே 2018ஆம் ஆண்டு அமெரிக்க வேளாண் சட்டத்தில் சணல்கஞ்சாவுக்கும் போதைக் கஞ்சாவுக்கும் இடைப்பட்ட எல்லையாயிற்று. சி.பி.டி.ஏ. ஆக்கும் நொதி சிறிதளவு டி.எச்.சி.ஏ.வையும் உடன் ஆக்குகிறது. இரண்டின் விகிதம் பெரும்பாலும் 20 முதல் 30 மடங்கு. எனவே பூ முதிர்ந்து சி.பி.டி. 6 முதல் 9 விழுக்காட்டை எட்டும்போது டி.எச்.சி.யும் 0.3ஐத் தொட்டுவிடும். செடி இன்னும் சுரக்கும் வலிமையோடு நிற்க, சூலகமுடிகள் பாதி வெண்மையாகவே இருக்க, உழவர் அறுத்தாக வேண்டும். தாமதித்து வரம்பு மீறினால் அப்பயிரைச் சந்தையில் விற்க இயலாது. அதனை அழித்தல் அல்லது வரம்புக்குள் வருமாறு சீர்செய்தல் வேண்டும்.

2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த வேளாண் துறை விதி, மாதிரி எடுத்த முப்பது நாளுக்குள் அறுவடை முடியவேண்டும் என்கிறது. முன்னைய இடைக்கால விதியில் அது பதினைந்து நாளாக இருந்தது. கணக்கிடப்படுவது பச்சையாக உள்ள டி.எச்.சி. மட்டுமன்று, டி.எச்.சி.ஏ.வின் அளவை 0.877ஆல் பெருக்கிக் கூட்டிய மொத்தமாகும். கரியமிலவாயு நீங்கியபின் எஞ்சும் மூலக்கூற்று எடையின் விகிதமே அவ்வெண். மாதிரியோ செடி முழுவதையும் அரைத்து எடுக்கப்படுவதில்லை. முதன்மைத் தண்டின் நுனியிலிருந்து ஐந்து முதல் எட்டு அங்குலப் பூங்கொத்து வெட்டப்படுகிறது. செடியில் முதலில் முதிரும் பகுதி அதுவே. அடிக்கொத்துகள் பசுமையாக நிற்கையிலேயே வயல் முழுவதும் அந்த நுனியின் அளவால் மதிப்பிடப்படுவதால், அமெரிக்க உழவர்கள் பூத்த மூன்றாம், நான்காம் வாரத்திலிருந்தே தம் செலவில் நுனிப்பூவை ஆய்வகத்துக்கு அனுப்பி, ஏறுமுகத்தைத் தாளில் குறித்துக்கொண்டு, அலுவலரை அழைக்கும் நாளை அதன்படி முடிவுசெய்கின்றனர்.